சபையினருக்கான இதயநலச் செயலி: மூன்றாம் வாரத்துக்குப் பின் ஏன் யாரும் திறப்பதில்லை?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டாவின் தெற்குப் புறநகரில் பதினோர் ஆண்டுகளாக வசிக்கும் மென்பொருள் பொறியாளன் நான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் நலவாழ்வுக் குழுவை நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற செவிலியர். என் மகளுக்குப் பியானோ கற்றுத் தருபவரும் அவரே. சபையில் ஓராண்டுக்குள் இருவர், அறுபது வயதைக்கூடத் தொடாதவர்கள், பக்கவாதத்தால் விழுந்தனர். அதன்பின் ஒருநாள் வகுப்பு முடிந்து மகளை அழைத்துவரப் போனபோது, உங்கள் தொழிலைக் கொண்டு எங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அவர் கேட்டார்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து நான்கு மாதங்களில் ஒரு செயலியை உருவாக்கினோம். இரத்த அழுத்தத்தைப் பதிந்து வைக்கலாம். மாத்திரை வேளையை அது நினைவூட்டும். கைக்கடிகாரத்திலிருந்து நாடித்துடிப்பையும் நடந்த அடிகளையும் எடுத்துக்கொள்ளும். வாரக் கடைசியில் வரைபடமாகக் காட்டும். தொடக்க நாளில் ஆராதனை முடிந்ததும் ஏறத்தாழ அறுபது பேர் வரிசையில் நின்று பதிவிறக்கினார்கள். மூன்றாம் வாரம் முடிந்தபோது நாள்தோறும் திறப்பவர்கள் பதினைந்து பேரைத் தாண்டவில்லை. அந்தப் பதினைந்து பேரில் பாதிப்பேர் நலவாழ்வுக் குழுவின் உறுப்பினர்கள்.

இந்த வேலையில் இறங்குவதற்கு முன் நான் ஓரளவு படித்திருந்தேன். 2017-2018ஆம் ஆண்டுகளின் அமெரிக்க அரசுக் கணக்கெடுப்பின்படி, கறுப்பின வயதுவந்தோரில் 57.1 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. வெள்ளையரில் அது 43.6 விழுக்காடு. ஆகவே தேவை இல்லாததால்தான் செயலியை விட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. நிறத்தையும் எழுத்தின் அளவையும் அறிவிப்பொலியையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

இங்கே பொதுச் சுகாதாரத்திலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் பலர் இருப்பதை அறிவேன். செயலி வழியாக இதயநலத்தைப் பேணுவது என்பது கறுப்பின மக்களிடையே எங்கேனும் உண்மையில் பலன் தந்திருக்கிறதா? கடிகாரத்தின் ஒளியுணரி கரிய தோலில் சரியாக வேலை செய்யாது என்கிறார்களே, அது உண்மையா? இன்னொன்றும் உண்டு. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் செயலியைப் பதிவிறக்காமல் என்னிடமே வந்து, "தம்பி, இந்த எண்களெல்லாம் எங்கே போகின்றன?" என்று கேட்டார். பாதுகாப்பான வழங்கியில் (சர்வரில்) இருக்கின்றன என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். என் பதில் அவருக்குப் போதவில்லை என்பது மட்டும் புரிந்தது.

------

மினசோட்டா வாசகி எழுதியது:

வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு, ஆம், பலன் தந்திருக்கிறது என்பதே பதில். அது எப்படிப்பட்ட செயலி, யாரால் எப்படி நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்களுக்குப் பயன்படும்.

மேயோ கிளினிக்கில் பணியாற்றும் இதயநோய் மருத்துவர் லாபிரின்சஸ் புரூவர் தலைமையில், நம்பிக்கை என்று பொருள்படும் 'ஃபெய்த்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்துவருகிறது. அதன் செயலியை மினியாபொலிஸ், செயின்ட் பால், ராச்செஸ்டர் நகரங்களைச் சேர்ந்த 16 தேவாலயங்களின் 85 பேரிடம் சோதித்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனிநபர்களைப் பிரிக்காமல் தேவாலயங்களையே குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரே சபையில் அடுத்தடுத்து அமர்பவர்களில் ஒருவரிடம் செயலி இருந்து மற்றவரிடம் இல்லாவிட்டால், முதல் வாரத்திலேயே இருவரும் பகிர்ந்துகொள்வார்கள் என்பது சபை வாழ்க்கையை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

புகையிலை, உடல் எடை, உடலுழைப்பு, உணவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய ஏழையும் வைத்து 14 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும் முறை ஒன்றை அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் வகுத்தது. 2022இல் உறக்கத்தையும் சேர்த்து எட்டாக்கினார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களின் தொடக்கச் சராசரி 6.8. பத்து வாரப் பயிற்சியைத் தொடர்ந்து ஆறாம் மாதத்தில் பார்த்தபோது, செயலியைப் பெற்றவர்களின் மதிப்பெண் 1.9 உயர்ந்திருந்தது, பெறாதவர்களுடையது 0.7 உயர்ந்திருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அனைவரும் தேவாலயம் செல்பவர்கள், எண்ணிக்கையும் சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இத்துறையில் இவ்வளவு தெளிவான முடிவு அடிக்கடி கிடைப்பதில்லை.

உங்கள் செயலிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தின் அளவில் இல்லை. அந்தச் செயலியில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சபையினரோடு பல அமர்வுகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். இதயநலப் பாடங்கள் வாரத்துக்கு ஒன்றாக வெளிவந்தன; உணவையும் நடையையும் பதியலாம்; அவற்றைவிட முக்கியமாக, ஒருவர் எழுதுவதை மற்றவர்கள் படித்து மறுமொழி சொல்லும் பகிர்வுப் பலகை ஒன்று இருந்தது. உங்கள் செயலியைத் திறப்பவருக்கு அங்கே யார் காத்திருக்கிறார்கள்? அவருடைய எண்தான் காத்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கெட்ட செய்தியாக. நாள்தோறும் கெட்ட செய்தியைப் படிக்க எவரும் கைப்பேசியைத் திறப்பதில்லை. நானும் திறக்க மாட்டேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. செயலிகளின் ஆயத்த உணவுப் பட்டியல்களில் யாருடைய சமையலறை இருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் வழக்கமாகச் சமைக்கும் கொலார்ட் கீரையில் குறை இல்லை. அதனோடு சேர்த்து வேகவைக்கும் உப்பிட்ட பன்றியிறைச்சியிலும் பொட்டலப் பொடிகளிலும்தான் உப்பு இருக்கிறது. கீரையை அப்படியே வைத்துக்கொண்டு இறைச்சியையும் பொடியையும் மட்டும் மாற்றுவது எப்படி என்று அதே சபையின் சமையற்காரர் ஒருவர் இரண்டு நிமிடக் காணொளியில் சொன்னால் கேட்பார்கள். உணவியல் நிபுணர் படம் போட்டு ஆலிவ் எண்ணெயைப் பற்றிப் பேசினால், ஊறுகாயை விட்டுவிடச் சொன்ன மருத்துவரின் பேச்சை நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொள்வதைப் போலக் கேட்டுக்கொள்வார்கள்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் எழுதியவற்றிலேயே கனமானது அதுதான். அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய டஸ்கீகி ஆய்வில், சிஃபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கைக்கு வந்த பிறகும் சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவருக்கு எழுபது வயது என்கிறீர்கள். அந்தச் செய்தி வெளியானபோது அவர் இளைஞராக இருந்திருப்பார், அலபாமாவோ உங்களுக்கு அடுத்த மாநிலம். உங்களிடமிருந்து அவர் எதிர்பார்த்தது வழங்கியின் பெயரை அல்ல; தம் எண்ணை யார் பார்க்கிறார்கள், பார்த்து என்ன செய்வார்கள் என்பதை.

சட்டப்படியும் அவர் ஐயம் நியாயமானது. மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவற்றுக்காக வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும், நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம், தன்னார்வலர் ஒருவர் தேவாலயத்துக்காகச் செய்துகொடுத்த செயலியைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. மருந்து விலையில் தள்ளுபடி தரும் நிறுவனம் ஒன்று, பயனாளர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாகக் கூறி, கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்ததையும், 15 இலட்சம் டாலர் தண்டத்தொகைக்கு அந்நிறுவனம் உடன்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் செயலியில் பயன்பாட்டை அளப்பதற்காக வெளி நிறுவனங்களின் நிரல்துண்டுகள் ஏதேனும் இருந்தால், முதலில் அவற்றை நீக்கிவிட்டு, பிறகு அந்தப் பெரியவரிடம் போய்ப் பேசுங்கள்.

------

டெட்ராய்ட் செவிலி எழுதியது:

மினசோட்டா வாசகி அக்கா எழுதியவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் பகிர்வுப் பலகையும் காணொளியும் இருந்துவிட்டால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று அண்ணன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உயர் இரத்த அழுத்தச் சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் நோயாளிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

எங்கள் ஊரிலேயே ஒரு சோதனை நடந்தது. உயர் இரத்த அழுத்தம் கட்டுப்படாத கறுப்பின வயதுவந்தோருக்கு நினைவூட்டல், நடை, உப்பு, மாத்திரை எல்லாவற்றையும் ஒருங்கே சேர்த்த கைப்பேசித் திட்டத்தை ஒரு பிரிவுக்கும், வழக்கமான கவனிப்பை மற்றொரு பிரிவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் அழுத்தம் குறைந்தது. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. உங்கள் மூன்றாம் வாரச் சரிவைப் பார்த்து வருந்துகிறீர்கள். பணமும் ஆய்வாளர்களும் நிறைந்த இடங்களிலேயே பயன்பாடு நாள் செல்லச் செல்லத் தேய்வதுதான் வழக்கம்.

இதற்கு நேர்மாறாக, செயலியே இல்லாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையின் ரொனால்ட் விக்டர் தலைமையில், கறுப்பின ஆண்கள் மாதக்கணக்கில் தவறாமல் செல்லும் 52 முடிதிருத்தகங்களில் 319 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் முடிதிருத்துநர், வாழ்க்கைமுறையை மாற்றுங்கள், மருத்துவரைப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னார். மற்றப் பிரிவில் மருந்தாளுநர் கடைக்கே வந்து, அழுத்தத்தை அளந்து, மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தை அங்கேயே எழுதிக் கூட்டிக் குறைத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் (இரண்டு எண்களில் முதலாவது) சராசரியாக 9.3 புள்ளி இறங்கியது. மருந்தாளுநர் வந்த பிரிவில் 27 புள்ளி. 130/80க்குக் கீழே வந்தவர்கள் மருந்தாளுநர் பிரிவில் 63.6 விழுக்காடு, முதல் பிரிவில் 11.7 விழுக்காடு. இருபது ஆண்டுப் பணியில் ஒரு முறைகூட இப்படியோர் இறக்கத்தைக் கண்டதில்லை என்று எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர் அப்போது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இரு பிரிவிலும் நம்பிக்கைக்குரியவர் இருந்தார், அளவீடும் இருந்தது. ஒரு பிரிவில்தான், எண்ணைப் பார்த்தவருக்கு மருந்தை மாற்றும் உரிமையும் இருந்தது. ஆகவே அண்ணனிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் செயலியில் ஒருவர் 162/98 என்று பதிந்தால் அடுத்து என்ன நடக்கிறது? வரைபடத்தில் ஒரு புள்ளி சிவப்பாக மாறுகிறது என்பதுதான் பதில் என்றால், அவர் மூன்று வாரம் பதிந்ததே அவருடைய பெருந்தன்மை.

அடுத்தது கருவி. அழுத்தம் அளக்க மேற்கையில் கட்டும் பட்டையின் அளவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 20 புள்ளி கூடுதலாகக் காட்டியது. பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு 5 புள்ளி வரை கூடியது. கடையில் வாங்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரே அளவுதான் இருக்கும். தவறான பட்டையில் வரும் எண்ணை எவ்வளவு அழகிய செயலியில் பதிந்தாலும் அது தவறான எண்தான். மேற்கையின் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. என்றால் நடுத்தரப் பட்டை, 35 முதல் 44 வரை பெரியது, 45க்கு மேல் மிகப் பெரியது. துல்லியம் உறுதிசெய்யப்பட்ட கருவிகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முயற்சியில் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாததை வாங்க வேண்டாம்.

அளக்கும் முறையையும் செயலியே சொல்லித் தரலாம். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காப்பியோ புகையோ உடற்பயிற்சியோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கை நெஞ்சளவு உயரத்தில் தாங்கியிருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னும், மாலையிலும். இதை ஏழு நாள் செய்தால் மருத்துவர் நம்பத்தக்க சராசரி கிடைக்கும். ஆண்டு முழுவதும் நாள் தவறாமல் அளக்கச் சொல்வதால்தான் சலிப்படைகிறார்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரமும், மருந்து மாற்றிய சில வாரங்களுக்குப் பின் ஒரு வாரமும் அளந்தால் பெரும்பாலோருக்குப் போதும். அந்த நாட்களில் மட்டும் செயலி கூப்பிடட்டும்.

180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், செயலி 911ஐ அழைக்கச் சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. அப்போதும் வரைபடம் காட்டும் செயலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

------

ஒளியுணரி எழுதியது:

கடிகாரத்தைப் பற்றிய கேள்வி என் துறைக்குரியது என்பதால் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து வரும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று, ஒவ்வொரு துடிப்பிலும் குருதிநாளங்கள் விரிந்து சுருங்குவதற்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்பி வருகிறது. தோலின் நிறமியாகிய மெலனின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். எனவே கரிய தோலில் திரும்பிவரும் ஒளி குறைவாக இருக்கும் என்பது இயற்பியல். அதனால் கணக்கு பிழையாகுமா என்பது வேறு கேள்வி, ஏனெனில் ஒளியின் செறிவைக் கூட்டி ஈடுசெய்ய முடியும். டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு தோல்நிறங்களுக்கிடையே நாடித்துடிப்பின் துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உடல் அசையும்போது ஏற்படும் பிழைதான் எல்லோருக்கும் பெரிதாக இருந்தது. ஆகவே நாடித்துடிப்புக்காகக் கடிகாரத்தை விலக்க வேண்டியதில்லை.

ஆனால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு வேறு கதை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2020 டிசம்பரில் வெளியிட்டதன்படி, விரல்நுனிக் கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று நலமாகவே காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. மருத்துவமனைக் கருவிகளின் நிலையே இது. உங்கள் செயலி கடிகாரத்திலிருந்து ஆக்சிஜன் அளவை எடுத்துக் காட்டுகிறது என்றால், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

சில கடிகாரங்கள் இதயத்தின் மின் அலையை (ஈ.சி.ஜி.) பதிகின்றன. அது மின்முனைகள் வழியாக நடப்பது, தோலின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேற்கையில் கட்டும் பட்டையே இல்லாமல் இரத்த அழுத்தத்தைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும், நோயைக் கண்டறியவோ மருந்தை மாற்றவோ பயன்படுத்துமாறு இதய மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைப்பதில்லை. சபையில் யாராவது பெருமையோடு அதைக் காட்டினால் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கணிப்பு நிரல்களைப் பற்றியும் ஒன்று. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு நிரலைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். நோயின் கடுமைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு ஆன செலவை வைத்து அது கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டதே குறைவு என்பதால், அவர்கள் உண்மையில் இருந்ததைவிட நலமானவர்களாக அதற்குத் தெரிந்தார்கள். இனம் என்ற சொல்லே அந்த நிரலில் இல்லை. 'செயலியை அடிக்கடி திறப்பவர் அக்கறையுள்ளவர்' என்று உங்கள் நிரல் கருதுமானால் நீங்களும் அதே பிழையைச் செய்கிறீர்கள். இரவுப் பணியில் இருப்பவர் காலை எட்டு மணி நினைவூட்டலுக்குப் பதில் தரமாட்டார்.

------

திண்ணைப் பெரியவர் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு மனக்குறை. முப்பது ஆண்டுகளாக ஜார்ஜியாவில் இருக்கிறேன். அட்லாண்டாவின் நடுவே 460 படுக்கைகளோடு இருந்த பெரிய மருத்துவமனை 2022 நவம்பரில் மூடப்பட்டது. அரசின் மருத்துவ உதவிக் காப்பீட்டை வருவாய் குறைந்த வயதுவந்தோர் அனைவருக்கும் விரிவாக்காத மாநிலங்களுள் ஜார்ஜியாவும் ஒன்று. 2023இல் கொண்டுவந்த திட்டத்துக்கும் வேலை நேரத்தைச் சான்றுடன் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இப்படி இருக்கையில், உன் இதயத்தை நீயே பார்த்துக்கொள் என்று கைப்பேசியில் எழுதிக் கொடுப்பது, கூரையைப் பிரித்துவிட்டுக் குடை பிடிக்கக் கற்றுக்கொடுப்பதைப் போல எனக்குப் படுகிறது. அழுத்தம் இறங்காவிட்டால், செயலி இருந்ததே, நீ பயன்படுத்தவில்லையே என்று பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

இணையச் செலவையும் மறக்காதீர்கள். வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் தந்துவந்த கூட்டாட்சி இணைய உதவித் திட்டம் 2024 ஜூன் மாதம் நிதியில்லாமல் நின்றுபோனது. உங்கள் சபையில் அதை நம்பியிருந்த வீடுகள் எத்தனை என்று விசாரித்தீர்களா? மூன்றாம் வாரத்தில் விலகியவர்களில் சிலருக்கு அக்கறை தீரவில்லை, கைப்பேசிக் கணக்கில் டேட்டா தீர்ந்திருக்கலாம்.

------

டெட்ராய்ட் செவிலி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் குடை வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கூரை வரும்வரை மழை நிற்காது. எங்கள் பிரிவுக்கு வரும் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு மருத்துவரைப் பார்க்க வருவதென்றால் அரைநாள் சம்பளம் போகும். வீட்டில் அளந்த ஏழு நாள் சராசரியை அவர் அனுப்பிவிட்டால், மருந்தாளுநர் தொலைபேசியிலேயே பேசி மருந்தைக் கூட்டிவிடுகிறார். ஆண்டுக்கு நான்கு முறை வர வேண்டியவர் இப்போது ஒரு முறை வருகிறார். அவருக்குச் செயலியே கிடையாது. எண்ணைக் குறுஞ்செய்தியாகத்தான் அனுப்புகிறார். டேட்டா கவலைக்கும் அதுவே பதில்.

------

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்து நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நேற்று மாலை நலவாழ்வுக் குழுவோடு உட்கார்ந்து பேசினேன். முதல் முறையாக மடிக்கணினியைத் திறக்காமல் பேசினேன்.

வெளி நிறுவனத்தின் இரண்டு நிரல்துண்டுகள் செயலியில் இருந்தன. எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. பழக்கத்தில் சேர்த்தவை, சேர்த்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. நீக்கிவிட்டேன். அந்தப் பெரியவரைத் தேடிப் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி, இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்றார். நலவாழ்வுக் குழுவின் அம்மாவும் நானும் மட்டும் என்றேன். "நீ எதற்கு?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. எனவே என் அனுமதியையும் நீக்கும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆக்சிஜன் பக்கம் போய்விட்டது. நாள்தோறும் ஒலிக்கும் நினைவூட்டலுக்குப் பதிலாக, மருத்துவரைப் பார்க்கும் தேதியை ஒருவர் சொன்னால் அதற்கு முந்தைய ஏழு நாள் மட்டும் குறுஞ்செய்தி போகும். பதிலாக எண்ணை அனுப்பினால் போதும், செயலி தேவையில்லை. 162/98க்கு என்ன நடக்கும் என்ற கேள்விதான் இன்னும் முடியவில்லை. சபையிலேயே மருந்தாளுநர்கள் இருவர் இருக்கிறார்களாம். நான்கு மாதம் அங்கே போய்வந்தும் எனக்கு அது தெரியாது. லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைப் போல, மருத்துவர் ஒருவருடன் உடன்பாடு செய்துகொண்டு மருந்தை மாற்ற ஜார்ஜியாவின் சட்டம் அவர்களுக்கு எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது என்று அவர்களே விசாரித்துச் சொல்வதாக ஏற்றிருக்கிறார்கள். அதுவரை, எண் உயர்ந்திருந்தால் அவர்களில் ஒருவர் அன்றே தொலைபேசியில் அழைத்து, மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுப்பார்.

திண்ணைப் பெரியவர் ஐயாவின் சொற்களை அந்த அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த மருத்துவமனை மூடப்படுவதற்கு முன்பு அங்கே தாம் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்ததாகச் சொன்னார்.

தங்கை டெட்ராய்ட் செவிலிக்கு ஒரு கேள்வி. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எல்லோருடைய மேற்கையையும் அளந்து, யாருக்கு எந்தப் பட்டை என்று குறித்துக்கொள்ளப் போகிறோம். தையற்காரரின் நாடா போதுமா? எந்த இடத்தில் அளப்பது?

------

டெட்ராய்ட் செவிலி எழுதியது:

நாடா போதும், அண்ணா. தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சட்டைத் துணிக்கு மேலே அல்லாமல் தோலின்மேல், நாடாவை இறுக்காமல் அளக்கச் சொல்லுங்கள். பெண்களை அளக்க ஒரு தட்டி மறைவு வையுங்கள். ஞாயிறு உடையில் கை குறுகலாக இருக்கும், சுருட்ட வராது. ஒவ்வொருவரின் அளவையும் ஓர் அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மிகப் பெரிய பட்டை தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும், வந்து சேர நாளாகும் என்பதால் எண்ணிக்கை தெரிந்தவுடன் சொல்லிவைத்துவிடுங்கள்.